வீட்டு முற்றத்தில் கார் சைலன்சர் மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த்தில் இருக்கிறது. ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு கார் பின்புறம் தூக்கி நிற்கும், அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மைவியாகவோ சாகாவாகவோ இருக்கும், சில சமயம் பழைய வீராவாக இருக்கும். நான் பட்டறை வைத்திருக்கும் போர்மேன், அதாவது மெக்கானிக், அல்லன். பிறை தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறேன். என் காருக்கும் உறவினர், அண்டை வீட்டார் கார்களுக்கும் பல ஆண்டுகளாகச் சைலன்சர் மாற்றிக் கொடுத்து வருகிறேன். இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

சைலன்சரை வீட்டிலேயே மாற்றிவிட முடியுமா?

குழாய் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். காருக்குப் பின்னால் குனிந்து, கைப்பேசியை அடியில் நீட்டி நான்கைந்து படம் எடுங்கள். பின் சைலன்சருக்கு முன்னால் குழாயில் இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று போல்ட்டால் பூட்டப்பட்டிருந்தால், வீட்டில் கழற்றலாம், வீட்டிலேயே பூட்டலாம். அந்தத் தகட்டு இணைப்பைத்தான் ஃபிளாஞ்ச் என்கிறோம். இணைப்பே இல்லாமல் குழாய் ஒரே ஓட்டமாகப் போனாலோ, நடுவில் வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, அது கடைக்காரருக்கு உரிய வேலை.

பழைய கார் வாங்கியவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது போல்ட் இணைப்பு இருந்திருக்கும். முந்தைய உரிமையாளர் அதை அறுத்து வேறு குழாய் ஒட்டியிருப்பார். அதனால் உங்கள் மாடலுக்கு ஏற்றது என்று நம்பிச் சைலன்சர் வாங்கும் முன், உங்கள் காரின் அடியை உங்கள் கண்ணால் பாருங்கள்.

சைலன்சர், ரெசனேட்டர், கன்வெர்ட்டர்: எது எது? கடையில் எல்லாவற்றையும் எக்சோஸ் என்கிறார்களே.

எஞ்சினிலிருந்து புகை போகும் வழியிலேயே போவோம். முதலில் மேனிஃபோல்ட், எஞ்சினோடு ஒட்டிய பல கிளைக் குழாய். இதற்குப் பதிலாகப் போடும் மாற்றுக் குழாயைத்தான் இங்கே எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். அதன் பிறகு ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வரும். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற அடுக்கில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசியிருக்கும். நச்சு வாயுக்களை ஓரளவு தீங்கற்றவையாக மாற்றுவது அதன் வேலை. பிறகு எஞ்சின் அசைவைத் தாங்கும் வளையும் குழாய், நடுவில் ரீங்காரத்தைக் குறைக்கும் சிறிய உருளையாக ரெசனேட்டர், கடைசியில் பெரிய டப்பா. அந்த டப்பாதான் சைலன்சர். மலாய்க்காரப் போர்மேன்கள் அதைத் 'தோங்' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் எந்தக் கடையிலும் புரியும்.

இங்கே நான் பேசுவது அந்தக் கடைசி டப்பாவைப் பற்றி மட்டுமே. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அதற்கு நான் கைகொடுக்க மாட்டேன். அந்தக் காரின் புகை உங்கள் தெருவில் பள்ளி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளின் மூச்சில்தான் போய்ச் சேரும்.

அந்த டப்பா சத்தத்தை எப்படி அடக்குகிறது?

எஞ்சினின் வால்வு திறக்கும்போதெல்லாம் அழுத்தம் நிறைந்த வாயு ஒரு வெடிப்பாக வெளியே பாய்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 வெடிப்பு. நாம் கேட்கும் சத்தம் அதுதான்.

அதை அடக்க இரண்டு வழி உண்டு. டப்பாவை அறைகளாகப் பிரித்து, ஒலியலைகளைச் சுவரில் மோதவிட்டு, திரும்பி வரும் அலையும் எதிரே வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்வது ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வரும் சைலன்சர்கள் பெரும்பாலும் இந்த வகை. மற்றொன்றில் துளைபோட்ட நேர்க்குழாய் ஒன்று டப்பாவின் நடுவே ஓடும். அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகுப் பஞ்சோ திணித்திருப்பார்கள், ஒலி அந்தப் பஞ்சுக்குள் நுழைந்து வெப்பமாகக் கரைந்துபோகும். இதைத்தான் கடைகளில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளோ என்று விற்கிறார்கள்.

சைலன்சர் காரோடு சேர்ந்தே பிறந்தது என்று சொல்லலாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டிலேயே எஞ்சின் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள். சாலையில் கார்கள் அபூர்வமாக இருந்த அந்தக் காலத்திலேயே மனிதர்களுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.

எந்த வகையை வாங்குவது?

தினமும் வேலைக்குப் போகிற, பிள்ளைகளை ஏற்றிச் செல்கிற கார் என்றால் அறைகள் உள்ள வகையை வாங்குங்கள். டப்பா எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. ஒலி அடங்குவதற்கு இடம் வேண்டும். கைமுட்டி அளவு டப்பாவை வைத்துக்கொண்டு 'அடக்கமான சத்தம்தான்' என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நேர்க்குழாய் வகையில் உள்ளே இருக்கும் பஞ்சு காலப்போக்கில் எரிந்தும் நொறுங்கியும் வெளியே போய்விடும். வாங்கிய நாளில் இனிமையாக இருந்த சத்தம் ஓரிரண்டு ஆண்டில் தகரத்தைத் தட்டுவது போல ஆகிவிடுவது இதனால்தான். பஞ்சை மாற்றித் திணிக்கும் வசதியுள்ள சைலன்சர்களும் உண்டு. அவற்றின் முனைத் தகடு ரிவெட் அல்லது திருகாணியால் பூட்டியிருக்கும். நேர்க்குழாய்தான் வேண்டும் என்றால் அதைத் தேடி வாங்குங்கள்.

கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது குலுங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெல்டிங் ஓரத்தை விரலால் தடவுங்கள், ஒரே கோடாக, துளை இல்லாமல் இருக்க வேண்டும். தொங்கவிடும் கம்பிகள் உங்கள் காரில் உள்ள அதே இடத்தில், அதே கோணத்தில் இருக்கின்றனவா என்று பழையதன் படத்தோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்தவரை, வீட்டில் வேலை பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் இந்தக் கம்பிகள்தான். இரண்டு விரற்கடை தள்ளி இருந்தால்கூட ரப்பர் எட்டாது.

எந்த உலோகம்? பினாங்கின் கடல் காற்றுக்கு எது தாங்கும்?

சாதாரண இரும்பு இங்கே நிலைக்காது. வெளியிலிருந்து கடற்காற்றும் மழையும் அரிக்கும். உள்ளிருந்து அரிப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து கோவிலுக்கு என்று குறுகிய தூரமே ஓடும் காரில் சைலன்சர் சரியாகச் சூடாவதே இல்லை. ஆவி அங்கேயே குளிர்ந்து நீராகத் தேங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். ஓய்வுபெற்ற பெரியவர்களின் கார்கள் கிலோமீட்டர் குறைவாக ஓடியும் சைலன்சர் ஓட்டையாவதற்கு இதுதான் காரணம்.

அலுமினியம் பூசிய எஃகு இடைநிலை. எவர்சில்வரில் இரண்டு ரகம் கடைக்கு வரும். 409 ரகத்தில் குரோமியம் ஏறத்தாழ 11 விழுக்காடு. மேற்பரப்பில் பழுப்பேறும், ஆனால் எளிதில் ஓட்டையாகாது. 304 ரகத்தில் குரோமியம் ஏறத்தாழ 18, நிக்கல் 8 விழுக்காடு. இங்குள்ள காற்றுக்கு அதுவே நல்லது. சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுபோங்கள். 409இல் நன்றாக ஒட்டும், 304இல் ஒட்டாது அல்லது வெல்டிங் செய்த இடத்திலும் வளைத்த இடத்திலும் லேசாக இழுக்கும். இந்தச் சோதனையால் இரும்பையும் 409ஐயும் பிரித்தறிய முடியாது. ஆனால் 304 என்று சொல்லி இரும்பையோ 409ஐயோ விற்பவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

குழாய் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை. 1.3 அல்லது 1.5 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டு அங்குலத்துக்கு, அதாவது 51 மில்லிமீட்டருக்கு மேல் தேவையே இல்லை. குழாய் அகலமானால் வாயுவின் வேகம் குறையும். ஒரு வெடிப்பின் பின்னால் அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும் உந்துதலும் குறையும். சிக்னலில் இருந்து புறப்படும்போது கார் சோம்புவதை உணர்வீர்கள்.

சைலன்சர் மாற்றினால் குதிரைத்திறன் கூடுமா?

பின் டப்பாவை மட்டும் மாற்றினால், சீட்டில் உட்கார்ந்திருப்பவர் உணரும் அளவுக்குக் கூடாது. சத்தம் கூடியதால் வேகம் கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். திறனுக்காகச் செலவழிக்க நினைத்தால் அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜேபிஜே பிடிக்குமா?

பிடிக்கும். ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை, போலீஸ், சுற்றுச்சூழல் துறை ஆகிய மூன்றும் இதில் கண் வைத்திருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒரு பக்கம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், மோட்டார் வாகன இரைச்சலுக்கென்றே 1987இல் கொண்டுவந்த விதிமுறைகள் இன்னொரு பக்கம். தேய்ந்துபோன பாகத்துக்குப் பதிலாக அதே தன்மையுள்ள பாகத்தைப் போடுவதில் யாருக்கும் குறையில்லை. சத்தத்தைக் கூட்டுவதற்கென்றே மாற்றினால் சம்மன் வருவதற்கு வழி திறந்துவிடுகிறீர்கள்.

நிறுத்தி வைத்த காரின் சத்தத்தை அளக்க ஐஎஸ்ஓ 5130 என்ற அனைத்துலக முறை இருக்கிறது. குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து எஞ்சினை முடுக்கி அளப்பார்கள். வீட்டிலும் கைப்பேசிச் செயலியால் இதே தூரத்தில், இதே கோணத்தில் பழைய சைலன்சரோடு ஒருமுறையும் புதியதோடு ஒருமுறையும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி காட்டும் எண்ணை அதிகாரியிடம் காட்ட முடியாது. இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு உண்மையைச் சொல்லும். பத்து டெசிபெல் கூடினால் மனிதக் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும்.

பிறகு காரை விற்கும் நாள் வரும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பி5 எனப்படும் சோதனை இருக்கிறது. அங்கே காரின் அடியையும் பார்ப்பார்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவைப்பது நல்லது. விபத்துக்குப் பிறகு சொல்ல நேர்ந்தால் அது தாமதம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

இரண்டு டன் தாங்கும் டிராலி ஜாக், ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள், 12, 14, 17 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், நீண்ட கைப்பிடி, துரு இளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை. பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். மேலே பார்த்துக்கொண்டு நட்டைத் திருகும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும். சாக்கெட் ஆறு முனை கொண்டதாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை வழித்துவிடும். இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கும் புதிய கேஸ்கட்டையும் புதிய போல்ட்டுகளையும் சைலன்சரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட்டு யாரும் நன்றாக முடித்ததில்லை.

காரை எப்படித் தூக்குவது? ஜாக் மட்டும் போதாதா?

போதாது. இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஜாக் காரைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய காரைத் தாங்கி நிற்பது ஸ்டாண்டின் வேலை.

என் மாமா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம், வீட்டுக்கு முன்னால் தார்ச் சாலையில் காரைத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுத்திருந்தான். மதிய வெயிலில் தார் இளகியிருந்தது. ஜாக்கின் சக்கரம் மெல்ல அமிழ்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. கழற்றிய உபரிச் சக்கரத்தை வேறு இடம் இல்லாமல் காரின் அடியில் தள்ளி வைத்திருந்தான். கார் அதன்மேல் இறங்கி நின்றது. அவன் உயிரோடு இருப்பது அந்தச் சக்கரத்தால். அன்றிலிருந்து நான் யாருக்கு உதவினாலும் முதலில் ஸ்டாண்டைக் காட்டச் சொல்கிறேன். இல்லையென்றால் என்னுடையதை எடுத்துவருகிறேன்.

கவனிக்க வேண்டியவை பல. தரை கெட்டியான சிமெண்டாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். நம் தாமான் வீடுகளின் முற்றம் மழைநீர் வடிவதற்காகச் சாலைப் பக்கம் சரிந்திருக்கும். சரிவு தெரியும் அளவுக்கு இருந்தால் அங்கே தூக்காதீர்கள். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டோமே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, நீங்கள் தூக்கப்போவதும் அதே சக்கரங்களைத்தான். பின்புறம் அந்தரத்தில் இருக்கும்போது காரை நிறுத்தி வைக்க முன் சக்கரங்களுக்கு அடித்த முட்டுக்கட்டையும் கியரும்தான் இருக்கின்றன. முட்டுக்கட்டையை முன்னும் பின்னும் அடித்து, ஆட்டோ கியர் என்றால் பார்க்கிங்கில், மேனுவல் என்றால் முதல் கியரில் விடுங்கள்.

ஸ்டாண்டைக் கார்க் கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் வையுங்கள். சிமெண்டுக் கல்லையோ செங்கல்லையோ முட்டுக் கொடுக்காதீர்கள். அவை விரிசல் காட்டி எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கிய பின் காரைக் கையால் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மீண்டும் வையுங்கள். நீங்கள் கீழே இருக்கும்போது வீட்டில் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

ஓட்டிவிட்டு வந்தவுடன் வேலையைத் தொடங்கலாமா?

கூடாது. இரண்டு மணி நேரமாவது ஆறட்டும். வெளியில் தொட்டுப் பார்த்தால் ஆறியதுபோல் இருக்கும் குழாயில் கன்வெர்ட்டர் பக்கம் இன்னும் தோலைப் பொசுக்கும் சூடு இருக்கும்.

நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான்.

நாளை காலை செய்யப்போகும் வேலைக்கு இன்று மாலையே எண்ணெய் அடியுங்கள். முதலில் கம்பித் தூரிகையால் மரையில் உள்ள துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் எண்ணெய் இறங்கும்படி அடியுங்கள். இரவு படுக்கும் முன் ஒருமுறை, காலையில் எழுந்ததும் ஒருமுறை. திருகும்போது நேராகக் கழற்றும் பக்கம் பலம் கொடுக்காமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு கொடுங்கள். துருவின் பிடி அதில்தான் உடையும். கால் சுற்றுக் கழன்றதும் மீண்டும் எண்ணெய், மீண்டும் இறுக்கம், பிறகு கழற்றல். மரையில் அரைபட்ட துரு வழியை அடைத்துக்கொள்ளாமல் இப்படி முன்னும் பின்னும் அசைத்தே வெளியே கொண்டுவர வேண்டும்.

சில ஃபிளாஞ்சுகளில் போல்ட்டின் மேல் கனத்த ஸ்பிரிங் இருக்கும். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றினால் மற்றது சாய்ந்து மரை வழிந்துவிடும்.

தீ வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்பார்கள். பட்டறையில் செய்வார்கள். உங்கள் தலைக்கு மேல் ஒரு முழத்தில் பெட்ரோல் டாங்க் இருக்கிறது, எண்ணெய் வேறு அடித்திருக்கிறீர்கள். வீட்டில் வேண்டாம். போல்ட் உடைந்தே போனால் அதோடு நிறுத்திக் கொண்டு எக்சோஸ் கடைக்கு ஓட்டிப் போய்விடுங்கள். உடைந்ததைத் துளைத்தெடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

தொங்கும் ரப்பரைக் கழற்றுவது எப்படி?

சோப்புத் தண்ணீர் தடவி, அகன்ற திருப்புளியால் நெம்பி இழுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். வெடிப்புத் தெரிந்தால் புதியது போடுங்கள், விலை அற்பம். கடைசி ரப்பரைக் கழற்றும் முன் டப்பாவின் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். பழைய சைலன்சர் உள்ளே தண்ணீரோடு இருந்தால் நினைத்ததைவிடக் கனக்கும்.

புதியதைப் பூட்டும் ஒழுங்கு என்ன?

முதலில் ரப்பர்களில் தொங்கவிடுங்கள். பிறகு புதிய கேஸ்கட்டை வைத்துப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகுங்கள். எல்லாம் தளர்வாக இருக்கும்போதே டப்பாவைத் திருப்பி, நகர்த்தி, சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இறுக்கிய பிறகு நகர்த்த முயன்றால் கேஸ்கட் கிழியும்.

சரியான இடம் எது? காரின் அடித்தகடு, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பம்பர் எதிலிருந்தும் குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி. எஃகு சூடானால் நீளும். இரண்டு மீட்டர் நீள எவர்சில்வர் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீண்டுவிடும். குளிர்ந்த நேரத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் குழாய், ஓட்டத்தில் பம்பரின் பிளாஸ்டிக்கை உருக்கும். கையால் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது.

ஃபிளாஞ்ச் இல்லாமல் ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும் இணைப்பு என்றால், 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை உள்ளே போக வேண்டும். யு வடிவக் கிளாம்ப் குழாயை நசுக்கிப் பிடிக்கும், மறுமுறை கழற்றுவது பெரும்பாடு. அகலமான பட்டைக் கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, ஆனால் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். நான் பட்டைக் கிளாம்பைத்தான் வாங்குகிறேன். கடைசியில் முன்னிருந்து பின்னாக, இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம்.

வெல்டிங் மெஷின் இருக்கிறது. வீட்டிலேயே ஒட்டிவிடலாமா?

காரில் பூட்டிய நிலையில் ஒட்டாதீர்கள். பெட்ரோல் டாங்க், ரப்பர், வயர்கள், எஞ்சினின் கணினி எல்லாமே ஆபத்தில் இருக்கும். வெளியே எடுத்து ஒட்டலாம் என்றாலும் காருக்கு அடியில் கோணம் சரியாக வருமா என்பது சந்தேகமே. இருபது நிமிடத்தில் அழகாக ஒட்டித்தரக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கூலியை மிச்சப்படுத்தும் இடம் இது அன்று.

வேலை முடிந்தது. கசிவு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முற்றத்தின் வாசலைத் திறந்துவிட்டு இயக்குங்கள். தடித்த கையுறை போட்ட கையில் மடித்த துணியால் குழாய் வாயைச் சில நொடி ஓரளவு மூடுங்கள். எங்காவது கசிந்தால் 'உஸ்' என்ற சத்தம் அங்கிருந்து வரும். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டிவிடும்.

கசிவை வெறும் சத்தப் பிரச்சினை என்று எண்ணாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காரின் அடியில் கசிந்தது துளைகள் வழியாக உள்ளே ஏறும். ஏர்கான் போட்டுக் கண்ணாடியை மூடி உறங்கும் பிள்ளை அதைச் சுவாசிக்கும். மூடிய இடத்தில் எஞ்சினை ஒருபோதும் ஓடவிடாதீர்கள். பயணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்குங்கள்.

ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஆறவிட்டு, போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிய கேஸ்கட் படிந்ததும் சற்றுத் தளர்வது இயல்பு.

முதல் நாள் புகையும் வாடையும் வருகிறது. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது.

புகையும் வாடையும் தயாரிப்பில் பூசிய எண்ணெய் எரிவதால். அரை மணி நேர ஓட்டத்தில் போய்விடும். தண்ணீரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். டப்பாவின் அடியில் ஊசித்துளை ஒன்று இருந்தால் அது தண்ணீர் வடிவதற்காகவே வைத்தது, அடைத்துவிடாதீர்கள்.

எஞ்சின் விளக்கு எரிகிறது. சைலன்சர் காரணமா?

பின் டப்பா காரணமாக இருக்க முடியாது. அது சென்சாருக்கு வெகு தொலைவில் இருக்கிறது. வேலை செய்யும்போது முன்பக்க இணைப்பை அசைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிஜன் அதிகம் என்று சென்சார் தவறாகச் சொல்லும், கணினி பெட்ரோலைக் கூட்டிவிடும்.

நெடுஞ்சாலையில் காருக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். தலை வலிக்கிறது.

இதைப் பற்றி விற்பவர் யாரும் வாய் திறப்பதில்லை. தாமானுக்குள் ஓட்டிப் பார்த்தபோது கம்பீரமாக இருந்த சத்தம், ஈப்போவுக்குப் போகும் வழியில் ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடும்போது சித்திரவதையாக மாறும். 3,000 சுற்றில் நொடிக்கு 100 வெடிப்பு என்று மேலே சொன்னேன். அந்தத் தாழ்ந்த அதிர்வு காரின் உள்ளறையோடு ஒத்து அதிரும்போது இந்த ரீங்காரம் பிறக்கிறது. ஆக்சியா போன்ற மூன்று சிலிண்டர் கார்களில் அதே சுற்றில் நொடிக்கு 75, இன்னும் தாழ்ந்த முனகல்.

காரின் உள்தகட்டில் ஒலியடக்கும் பஞ்சு ஒட்டுவதால் இந்தத் தாழ்ந்த ஒலி அடங்காது. குழாயின் பக்கத்தில் ஒரு முனை மூடிய கிளைக்குழாய் வைத்து அந்த ஒரே ஒலியை மட்டும் அழிக்க முடியும். ஆனால் 100 அதிர்வுக்கு அதன் நீளம் ஒரு மீட்டருக்கு மேல் போகும், சிறிய காரின் அடியில் இடம் இராது. நடு ரெசனேட்டரை எடுத்துவிட்டிருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் பெரிய டப்பாவுக்கு மாறுங்கள்.

வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதே சைலன்சர் பூட்டிய ஒருவரின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து பினாங்குப் பாலத்தை ஒருமுறை கடந்து பாருங்கள். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் ஒரே சீரான வேகம், தெரிந்துவிடும்.

அண்ணா, சத்தம் கொஞ்சம் கேட்டால்தானே கார் மாதிரி இருக்கும்? யாருக்கு என்ன நட்டம்?

தம்பி, நம் வீடுகளைப் பார். இருபது வீடுகளுக்கு ஒரே கூரை, இடையில் ஒற்றைச் செங்கல் சுவர். உன் குழாய் வாய் எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்து நிற்கிறது. அந்த வீட்டில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து, பாலத்தைக் கடந்து வந்து, காலை எட்டு மணிக்குக் கண்ணை மூடிய ஒரு பெண் இருக்கிறாள். அடுத்த வீட்டில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் தாத்தா. நீ எஞ்சினை இயக்கும் அந்த முதல் நிமிடம், குளிர்ந்த எஞ்சின் சுற்று ஏறி நிற்கும் நிமிடம், தெருவுக்கே கேட்கிறது. அந்த உறக்கத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

நல்ல சைலன்சருக்கு உரிய சத்தம், உள்ளே ஓட்டுபவருக்குக் கேட்டு, மூன்றாவது வீட்டுக்குக் கேட்காமல் இருப்பது. அதைச் சோதிக்க உன் தம்பியை மூன்று வீடு தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் காரை இயக்கு. அவன் கையை உயர்த்தினால் டப்பாவை மாற்று.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் செய்யலாமா?

நிர்வாகம் அனுமதிக்காது, மேல்தளம் மூடியிருந்தால் புகையும் போகாது. தாமானில் உறவினர் வீடு இருந்தால் அங்கே கொண்டுபோங்கள்.

பழைய சைலன்சரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா?

ஓட்டையானது என்றால் போடலாம். நல்ல நிலையில் இருந்தால் வைத்திருங்கள். பி5 சோதனைக்கு முன்னால் தேடி அலையாமல் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம், புதியது பிடிக்காமல் போனாலும் உதவும். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கவிழ்த்து வடித்து, ஒரு நாள் வெயிலில் வைத்து, இரண்டு வாயையும் துணியால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எலி கூடு கட்டும். கழற்றிய ஸ்பிரிங்குகளையும் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு, எந்தக் கார் என்று எழுதி, தொங்கும் கம்பியிலேயே கட்டிவிடுங்கள்.